கொடுத்த குருதி வீணாகலாமா?

ஓடும் ஆற்றங்கரையில் அமர்ந்து ஒளுச் செய்தாலும் நீரை வீணாக்கலாகாது என்று கற்பிப்பது நம் மார்க்கம். நீருக்கே இவ்வளவு பேணுதல் வேண்டுமெனில், ஒரு மனிதர் தம் உடலிலிருந்து மனமுவந்து ஈந்த இரத்தத்திற்கு எத்துணைப் பேணுதல் வேண்டும்!

2017ஆம் ஆண்டில், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வாயிலாகத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பிடமிருந்து பெற்ற விவரம் ஒன்று செய்தித்தாள்களில் வெளியாயிற்று. அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில், நாடெங்கும் 28 லட்சம் யூனிட்டுகளுக்கு அதிகமான இரத்தமும் அதன் கூறுகளும் பயன்படாமற் போயின என்பதே அது. ஒருபுறம் இரத்தம் தேடி உறவினர் அலைகின்றனர். மறுபுறம் அது கழிக்கப்படுகிறது. இதற்குக் காரணம் யாது?

நோய்க்கிருமி காணப்பட்ட இரத்தத்தைக் கழிப்பது வீண்விரயமன்று. நோயாளியைக் காக்கும் கடமையே அது. நாம் கவலைகொள்ள வேண்டியது நல்ல இரத்தம் கெட்டுப்போவதைப் பற்றியே.

பெறப்பட்ட இரத்தம் பொதுவாக மூன்று கூறுகளாகப் பிரிக்கப்படுகிறது. சிவப்பணுக்கள் குளிர்பெட்டியில் 35 முதல் 42 நாட்கள் வரை தாங்கும். உறைநிலையில் வைத்த பிளாஸ்மா ஓராண்டு தாங்கும். புற்றுநோயாளிகளுக்கு இன்றியமையாத தட்டணுக்களோ ஐந்தே நாட்கள்தாம்! ஆகவே, ஒரே நாளில் பெருந்திரளாக இரத்தம் குவிந்தால், அதன் தட்டணுக்கள் யாவும் ஒரே நாளில் காலாவதியாகின்றன.

மருத்துவமனைகளிலும் குறையுண்டு. அறுவைச் சிகிச்சைக்குத் தேவைக்குமேல் ஒதுக்கிவைத்த இரத்தம் பிறருக்கு உதவாமல் நாட்களைக் கடத்துகிறது. வங்கியிலிருந்து எடுத்துச் சென்ற சிவப்பணுப் பை குளிரின்றி அரைமணி நேரத்திற்குமேல் வெளியே இருந்துவிட்டால், அதனைத் திரும்பச் சேமிப்பில் வைத்தலாகாது. ஒரு சிறு கவனக்குறைவு ஒருவருடைய தியாகத்தையே அழித்துவிடுகிறது.

ஓர் இரத்த வங்கியில் மிகுந்திருப்பதை மற்றொரு வங்கிக்கு மாற்றவும், எஞ்சிய பிளாஸ்மாவை மருந்து தயாரிக்கும் நிலையங்களுக்கு அளிக்கவும் 2015ஆம் ஆண்டு மத்திய அரசு வழிவகுத்தது. வரவேற்கத்தக்க ஏற்பாடே. எனினும் ஏற்பாடு ஏட்டில் இருந்தால் போதாது. ஒவ்வொரு மருத்துவமனையும் தான் கழித்த இரத்தத்தின் அளவையும் காரணத்தையும் மாதந்தோறும் கணக்கிட்டுத் திருந்த வேண்டும்.

நம் பங்கு என்ன? மீலாது நாளிலும் தேசிய தினங்களிலும் நம் ஜமாஅத்தார் முகாம் நடத்தி இரத்தம் வழங்குவது போற்றுதற்குரியது. ஆனால் ஊர் இளைஞர் அனைவரும் ஒரே நாளில் கொடுத்துவிட்டால் விளைவு என்ன? ஆண்கள் மூன்று மாதமும் பெண்கள் நான்கு மாதமும் மீண்டும் கொடுத்தல் இயலாது. அடுத்த மாதம் ஒரு பிரசவத்தில் தாயின் உயிர் ஊசலாடும்போது, கைநீட்ட அவ்வூரில் எவரும் இரார்!

ஆகவே, முகாமின் நாளையும் தேவையான அளவையும் இரத்த வங்கியிடம் கேட்டறிந்து முடிவுசெய்வோமாக. ஒவ்வொரு பள்ளிவாசலிலும் இரத்த வகைவாரியாகக் கொடையாளர் பட்டியல் இருக்கட்டும். அழைப்பு வரும்போது முறைவைத்துச் செல்லட்டும். நோன்பு மாதத்தில் பகலில் கொடுப்போர் குறைவர். ஷஅபான் இறுதியில் சிலர் கொடுத்தால், அவர்தம் சிவப்பணுக்கள் ரமளான் முழுதும் கைகொடுக்கும். தட்டணுக்களின் தேவைக்கு, நோன்பு திறந்தபின் உடல்நலம் இடந்தரும் சிலர் முன்வரலாம்.

கொடுத்தோர் எண்ணிக்கையைச் சொல்லிப் பெருமை கொள்வது எளிது. கொடுத்ததில் எத்தனை ஓர் உயிரைச் சென்றடைந்தது என்று கேட்பதே அமானிதம் பேணுவோரின் பண்பு. அப்பண்பை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக!