பதினொரு மாதம் கடலில் இருந்தேன், சான்று எங்கே?

எஸ்.பி.எம். முடிவு வந்த வாரம் எங்கள் தோட்டத்தில் இரண்டே பேச்சுதான். யார் படிவம் ஆறுக்குப் போகிறார்கள், யார் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். என் முடிவு இரண்டிலும் சேராமல் நின்றது. ஜாசின் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்த எனக்குக் கடல் என்றால், பள்ளி விடுமுறையில் ஊம்பாய்க்குப் போய்ச் சுட்ட மீன் சாப்பிடுவது மட்டுமே. அப்போதுதான் அப்பாவின் நண்பர், நாங்கள் மாமா என்று அழைப்பவர், பேராக் கரையிலிருந்து வந்தார். “இழுவைப் படகுக்கு ஆள் கேட்கிறார்கள். ஒன்றும் தெரியாவிட்டாலும் கற்றுக்கொடுப்பார்கள்” என்றார்.

அம்மா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. என் பாட்டி நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து, வாந்தி எடுத்துக்கொண்டே இந்த நாட்டுக்கு வந்தவர். “அந்தத் தண்ணீரை ஒரு தடவை தாண்டியது போதாதா?” என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பயம்தான் எங்கள் வீட்டுக்கு வந்த சொத்து. தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு நீச்சல் தெரியாது. எனக்கும் அன்று தெரியாது.

படகில் ஐந்து பேர். தெக்கோங் சீனர். இரண்டு பேர் இந்தோனேசியர், ஒருவர் மியன்மார்காரர், பிறகு நான். நம் நாட்டு ஆழ்கடல் படகுகளில் தளத்து வேலை பெரும்பாலும் வெளிநாட்டவர் கையில்தான் இருக்கிறது. அந்தத் தளத்தில் எனக்கு ஆசிரியர்களும் அவர்களே. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

முதல் இரண்டு நாள் எழுந்து நிற்கவே முடியவில்லை. மூன்றாம் நாள் மூத்த இந்தோனேசிய அபாங் ஒரு துண்டுக் கயிற்றைக் கையில் கொடுத்து, பாரம் ஏறினால் இறுகாத, வேண்டும்போது உடனே அவிழும் ஒரு கண்ணி முடிச்சைக் காட்டினார். அதைக் கண்ணை மூடிக்கொண்டு போடத் தெரியும்வரை வேறு எதுவும் சொல்லித் தரவில்லை. பிறகு வலையின் வாய் திறந்திருக்க இரு பக்கமும் கட்டும் பலகைகள், அவற்றை இழுக்கும் கம்பிவடம், அதைச் சுற்றும் வின்ச். மூன்று நான்கு மணி நேரம் இழுத்த பிறகு வலை மேலே வரும். வால்பையை மலாயில் கெரோஞ்சோங் என்பார்கள். அதன் அடிக்கயிற்றை ஒரே இழுப்பில் அவிழ்த்தால் மீன் முழுதும் தளத்தில் கொட்டும். அவிழ்ப்பவன் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதே ஒரு பாடம்.

பிறகு குந்தி உட்கார்ந்து பிரிக்க வேண்டும். கெம்போங், கெரிசி, கணவாய், இறால் தனித்தனியே. உணவுக்கு ஆகாத சின்ன மீன்களுக்கு ‘ஈக்கான் பாஜா’ என்று பெயர், உர மீன். அதன் குவியல்தான் பல நாள் பெரிதாக இருக்கும். இவ்வளவு குஞ்சுமீனை வாரினால் நாளைக்கு என்ன மிஞ்சும் என்ற கேள்வி எனக்கு அங்கேதான் வந்தது, பாடப்புத்தகத்தில் அல்ல. செம்பிலாங் முள் குத்தினால் பொறுக்கும் அளவு வெந்நீரில் கையை வைக்க வேண்டும் என்பதையும் அங்கேதான் கற்றேன். பிரித்த மீனைக் கழுவி, பனிக்கட்டியை அடுக்கடுக்காகப் போட்டு அறையில் இறக்குவதற்குள் அடுத்த வலை வந்துவிடும். தொடர்ந்து நான்கு மணி நேரம் தூங்கிய இரவுகளை விரல்விட்டு எண்ணலாம்.

ஐந்தாம் மாதம் ஒரு விடியற்காலையில் அது நடந்தது. தளத்தில் வளைந்து கிடக்கும் கயிற்றுக்குள் கால் வைக்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும், தூக்கக் கலக்கத்தில் மியன்மார் நண்பர் அந்த வளைவுக்குள் நின்றார். வடம் இறுகியது. அபாங் வின்ச்சை நிறுத்தாவிட்டால் கால் போயிருக்கும். கணுக்கால் எலும்போடு போனது. கரைக்கு வர ஒன்பது மணி நேரம். முதலுதவிப் பெட்டியில் இருந்தது மஞ்சள் மருந்தும் பிளாஸ்டரும். யாரும் எங்களுக்கு முதலுதவியும் கற்றுத்தரவில்லை, தீ அணைக்கவும் கற்றுத்தரவில்லை. உயிர்காப்பு அங்கியை நான் முதன்முதலாகப் போட்டுப் பார்த்ததே படகைச் சோதிக்க வந்த அன்றுதான்.

அபாயமான வேலை என்று எல்லாருக்கும் தெரியும். மீன்பிடித் தொழிலில் ஆண்டுக்குச் சுமார் 24,000 பேர் உயிரிழக்கிறார்கள் என்று அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 1999-இல் மதிப்பிட்டது. அபாயம் இருப்பதால் இந்த வேலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அபாயமான வேலையைக் கற்றுக்கொடுக்காமலே ஒருவனைச் செய்ய விடுவதுதான் என் சண்டை.

பதினொரு மாதம் முடிந்து, சரக்குக் கப்பலில் தளப் பணியாளராகச் சேரலாம் என்று ஒரு பயிற்சி நிலையத்துக்குப் போனேன். முகப்பில் இருந்தவர் மரியாதையாகவே கேட்டார்: “எத்தனை நாள் கடலில் இருந்தீர்கள்? எதில் எழுதியிருக்கிறது?” எதிலும் எழுதியிருக்கவில்லை. ஒப்பந்தம் கிடையாது. சம்பளம் பங்குமுறையில், பணமாகக் கையில். மீன் விற்ற தொகையில் எண்ணெய், பனிக்கட்டி, அரிசி கழித்து மீதியில் படகுக்கு ஒரு பாதி, ஆட்களுக்கு ஒரு பாதி. புதியவன் என்பதால் எனக்கு அரைப் பங்கு. அதற்கும் ரசீது இல்லை. கயிறு, வடம், சுக்கான், இரவுக் காவல் எல்லாம் தெரிந்த நான், எதுவும் தெரியாத பையனோடு ஒரே வகுப்பில் முதல் நாளிலிருந்து உட்கார்ந்தேன். இப்போது எண்ணெய்த் துரப்பண மேடைகளுக்குப் பொருள் கொண்டுபோகும் கப்பலில் வேலை செய்கிறேன். அந்தப் பதினொரு மாதம் என் கையில் இருக்கிறது, கோப்பில் இல்லை.

இது என் ஒருவன் கதை என்று நினைத்திருந்தேன். கடலோடிகளின் பயிற்சிக்கும் சான்றிதழுக்கும் 1978-இல் உலக நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்தன. அதில் மீன்பிடிப் படகுகளை விட்டுவிட்டார்கள். மீனவர்களுக்கென்று தனி உடன்படிக்கை 1995-இல்தான் எழுதப்பட்டது. அது நடப்புக்கு வர மேலும் 17 ஆண்டுகள், 2012 வரை ஆயின. வேலை நிலைமைகள் பற்றிய தொழிலாளர் அமைப்பின் 188-ஆம் உடன்படிக்கை 2007-இல் வந்து 2017-இல் நடப்பானது. அதை ஏற்ற நாடுகளில் எழுத்து ஒப்பந்தமும் மருத்துவச் சான்றும் வேண்டும். குறைந்தபட்ச வயது 16. மூன்று நாளுக்கு மேல் கடலில் இருந்தால் 24 மணி நேரத்தில் 10 மணி நேரமாவது ஓய்வு. ஆசியாவில் முதலில் ஏற்றது பக்கத்து நாடான தாய்லாந்து, 2019-இல். அந்தப் பத்து மணி நேரத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கணுக்கால் ஞாபகம் வரும்.

இதில் எனக்கு ஆற்றாமை, நான் மலாக்காக்காரன் என்பதுதான். கடலில் யார் யாருக்கு என்ன பொறுப்பு என்று 15-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுதி வைத்த ஊர் இது. ‘உண்டாங்-உண்டாங் லாவுட் மலாக்கா’ என்ற கடற்சட்டத்தில் கப்பலில் நகோடா அரசரைப் போல. சுக்கான் பிடிப்பவர் பெண்டஹாராவைப் போல. நங்கூரத்தையும் ஆழம் பார்ப்பதையும் கவனிக்கும் ஜூரு பாத்து தெமெங்கோங்கைப் போல. தளத்து ஆளுக்கும் அதில் இடம் உண்டு. கப்பலை மலாய்க்காரர்கள் ‘காப்பால்’ என்பது நம்மிடமிருந்து போன சொல். இன்றும் மலேசியக் கடல்சார் கல்விக்கழகம், ‘அலாம்’, இதே மாநிலத்தில் கோலா சுங்கை பாருவில்தான் இருக்கிறது. அலோர் காஜாவிலிருந்து மஸ்ஜித் தானா வழியாகப் போனால் ஒரு மணி நேரம் கூட ஆகாது. அங்கே கப்பல் அதிகாரிகளையும் பணியாளர்களையும் தயார் செய்கிறார்கள். என் இடைநிலைப்பள்ளியில் ஐந்தாண்டுகளில் ஒருவர்கூட அதன் பெயரைச் சொன்னதில்லை. வழிகாட்டி ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், நானும் கேட்டதில்லை.

மீன்பிடிப் படகுக்கு ஒழுங்கான பயிற்சி நடைமுறையில் முடியாது என்பவர்கள் சென்னையைப் பார்க்கலாம். இந்திய நடுவண் அரசின் மீன்பிடிக் கடற்பயிற்சி நிறுவனம் 1963-இல் கொச்சியில் தொடங்கியது. ‘சிஃப்நெட்’ என்று அழைப்பார்கள். 1968-இல் சென்னைக்கும் அதன் கிளை வந்தது. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் அங்கே படகு செலுத்தும் தொழிலை இரண்டு ஆண்டு படிக்கிறார்கள். நிறுவனத்துக்குச் சொந்தமான பயிற்சிப் படகுகளில் கடலுக்குப் போகிறார்கள். மீன்பிடிக் கப்பலின் ஸ்கிப்பர் ஆகும்வரை அடுத்தடுத்துத் தேர்வு எழுதலாம்.

நமக்கும் கருவிகள் இல்லாமல் இல்லை. 2005-இல் வந்த தேசிய இரட்டைப் பயிற்சி முறை, எஸ்.எல்.டி.என்., பெரும்பகுதி நேரம் வேலையிடத்திலும் மீதி வகுப்பிலும் கற்று மலேசியத் திறன் சான்றிதழ் பெறுவதற்கென்றே உண்டானது. வாகனப் பட்டறைக்கும் சமையலறைக்கும் அது பொருந்துகிறது. படகுத் தளத்தை விடப் பொருத்தமான வேலையிடம் எது? கடலுக்குப் போகும் முன் ஒரு வாரம் நீச்சல், முதலுதவி, தீயணைப்பு. ஏறிய பின் தெக்கோங் கையெழுத்திடும் கடல்நாள் புத்தகம். இந்த இரண்டையும் உரிமம் புதுப்பிக்கும் நிபந்தனையாக வைத்தால் படகு முதலாளிகள் முணுமுணுப்பார்கள், செய்வார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் வருவதில்லை என்று குறைப்படுபவர்களும் அவர்கள்தானே.

போன மாதம் மெர்லிமாவிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டான். படகு வேலைக்குப் போகிறானாம், சம்பளம் எவ்வளவு வரும் என்று கேட்டான். பங்குமுறையைச் சொன்னேன். நல்ல மாதம் கை நிறையும், காற்று மாதம் கைச்செலவுக்கும் வராது. பிறகு முதலில் நீச்சல் கற்றுக்கொள்ளச் சொன்னேன். சுயதொழில் செய்பவர்களுக்கான சொக்சோ பாதுகாப்பு மீனவர்களுக்கும் உண்டு, படகு ஏறும் முன் பதிந்துகொள்ளச் சொன்னேன். ஒரு தடித்த அட்டை நோட்டுப்புத்தகம் வாங்கி, போன நாள், திரும்பிய நாள், செய்த வேலை, படகு எண் எல்லாம் எழுதி, ஒவ்வொரு முறை கரை சேர்ந்ததும் தெக்கோங்கிடம் கையெழுத்து வாங்கச் சொன்னேன். முன் அனுபவத்தை மதிப்பிட்டுத் திறன் சான்றிதழ் வழங்கும் பி.பி.தி. முறையில் விண்ணப்பிக்க நேர்ந்தால், கையில் காட்ட அதுவாவது இருக்கும்.

“கையெழுத்துப் போட மாட்டேன் என்றால், அண்ணா?” என்றான்.

அந்தப் படகில் ஏறாதே என்றேன்.