கட்டணத்தை நாமே கேட்டுக் கட்டுவோம்!

பென்சில்வேனியாவின் ஃபெசன்ட் வேட்டைத் தோழர்களே,

மாநிலத்தின் வேட்டையை நிர்வகிக்கும் கேம் கமிஷனின் நான்கு ஃபெசன்ட் பண்ணைகளில் இரண்டைப் பூட்டியாகிவிட்டது. லைகோமிங் மாவட்டத்தின் நார்த்சென்ட்ரல் பண்ணையும் க்ராஃபோர்டு மாவட்டத்தின் வெஸ்டர்ன் பண்ணையும் இனி இல்லை. அங்கே குஞ்சு பொரிக்கவைத்து, தீனி போட்டு, வளர்த்து வண்டியேற்றி அனுப்பியவர்கள் வேலையிழந்து நிற்கிறார்கள். மிஞ்சியிருப்பவை லாயல்சாக், சவுத்வெஸ்ட் என்ற இரண்டு மட்டுமே. பணத்துக்கு வழி பிறக்காவிட்டால் அவற்றுக்கும் இதே கதிதான். அரசு வேட்டை நிலங்களில் இனி ஃபெசன்ட் இறங்குமா இறங்காதா என்பது இந்த 2017-இலேயே முடிவாகப்போகிறது.

கோபம் எனக்கும் உண்டு. அதை யார்மேல் காட்டுவது என்பதில்தான் நமக்குத் தெளிவு வேண்டும். கேம் கமிஷன் நம் எதிரி அல்ல. மாநிலத்தின் பொது வரிப்பணம் அதற்கு வருவதில்லை. நாம் கட்டும் உரிமக் கட்டணம், துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கப்படும் வரியிலிருந்து 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி கிடைக்கும் மத்திய அரசின் பங்கு, வேட்டை நிலங்களில் வெட்டும் மரம், எடுக்கும் எரிவாயு ஆகியவற்றை நம்பித்தான் அது ஓடுகிறது. உரிமக் கட்டணத்தை உயர்த்தும் அதிகாரம் கமிஷனிடம் இல்லை, சட்டமன்றத்திடம் இருக்கிறது. சட்டமன்றம் கடைசியாக அதை உயர்த்தியது 1999-இல். பதினெட்டு ஆண்டுகளில் தீவனம், டீசல், சம்பளம், ஓய்வூதியம் எல்லாம் ஏறின. நம் உரிமம் மட்டும் அதே இருபது டாலர் சொச்சத்தில் நிற்கிறது. பண்ணைகளைப் பூட்ட வைத்தது இந்தக் கணக்குதான்.

நம்மைக் குறைசொல்கிறவர்களுக்கும் நேர்மையாகப் பதில் சொல்வோம். "எங்கள் பணத்தில் உங்களுக்குக் கோழி வளர்க்க வேண்டுமா?" என்று மான் வேட்டைக்காரர்கள் கேட்கிறார்கள். கேட்கட்டும், அதில் நியாயம் இருக்கிறது. கமிஷன் ஆண்டுக்கு 40 லட்சம் டாலருக்கு மேல் செலவிட்டு இரண்டு லட்சத்துக்கும் அதிகமான பறவைகளை விட்டது. பறவை ஒன்றுக்கு ஏறக்குறைய இருபது டாலர் வருகிறது. விட்ட பறவைகளில் பனிக்காலத்தைத் தாண்டிப் பிழைப்பவை மிகச் சில என்பதும் உண்மை. 1970-களின் தொடக்கத்தில் இந்த மாநிலத்தில் ஓராண்டில் பத்து லட்சத்துக்கு மேல் ஃபெசன்ட் சுட்டார்கள். பிறகு வேலியோரப் புதரை அழித்தோம், தீவனப் புல்லைப் பறவை முட்டையிடும் காலத்திலேயே அறுத்தோம், வயல்களை ஒன்றாக்கினோம். காட்டுப் பறவை போய்விட்டது. அந்த வாழிடம் ஒரே நாளில் திரும்பாது. அதுவரை பண்ணைப் பறவைதான் நமக்கு இருக்கிறது.

அந்தப் பறவை என்ன செய்கிறது என்பதைப் போன அக்டோபரில் சிறுவர்களுக்கான வேட்டை வாரத்தில் பார்த்தேன். பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி. ஆரஞ்சு அங்கி முழங்கால் வரை தொங்குகிறது. அவள் மாமாவின் செட்டர் நாய் சோளத்தட்டை ஓரத்தில் ஒரு காலைத் தூக்கியபடி உறைந்து நின்றது. அவள் இரண்டடி வைத்தாள். காலடியிலிருந்து சேவல் ஒன்று கத்திக்கொண்டு, நீண்ட வாலோடு படபடவென்று எழும்பியது. சுடவே மறந்துபோனாள். கைநடுங்கிச் சிரித்தாள், "இன்னொரு தடவை போகலாம் மாமா" என்றாள். அவள் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு ஏக்கர்கூடக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சிறு விலங்கு, பறவை வேட்டைக்கு அப்போது இந்த மாநிலத்தில் தடை இருந்ததால், வேலைக்குப் போகும் மாமாவுக்குக் கிடைத்தது சனிக்கிழமை ஒன்றுதான். காசுள்ளவருக்குத் தனியார் வேட்டைக் கழகம் இருக்கிறது. இவர்களுக்கு அரசு வேட்டை நிலத்தை விட்டால் வேறு எது?

ஆகவே தோழர்களே, கமிஷன் முன்வைத்திருக்கும் 25 டாலர் ஃபெசன்ட் அனுமதிச் சீட்டை எதிர்க்காதீர்கள். அதை நாமே கேட்டு வாங்க வேண்டும். ஒரு நாள் வரம்பு இரண்டு பறவை. ஒரே சனிக்கிழமையில் உங்கள் காசு திரும்பிவிடும். சிறுவர்களிடம் கேட்கப்போவதில்லை, பெரியவர்கள் நாம்தான் கட்டப்போகிறோம். "ஏற்கெனவே உரிமம் வாங்கியாச்சே, இது வேறயா?" என்று முணுமுணுப்பவர்கள் நம் கிளப்பிலும் இருக்கிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள், சண்டை வேண்டாம். தன் வேட்டைக்குத் தானே கூடுதலாகக் கொடுக்க முன்வருகிறவனிடம் மான் வேட்டைக்காரன் சண்டைக்கு வரமாட்டான். சட்டமன்ற உறுப்பினரும் அவனைத் தட்டிக்கழிக்க முடியாது.

சீட்டு ஒன்றால் மட்டும் எல்லாம் நிமிர்ந்துவிடாது. இந்த இலையுதிர் காலத்தில் விடும் பறவைகளை 1,70,000 ஆகக் குறைக்கப் போகிறார்கள். முட்டையிடும் பெட்டைகளை வைத்திருப்பதை நிறுத்தி, ஒரு நாள் குஞ்சுகளைத் தனியாரிடம் வாங்கி வளர்க்கப்போகிறார்கள். செலவு குறையும் என்றால் அதையும் ஏற்போம். ஆனால் உரிமக் கட்டணம் இன்னும் பதினெட்டு ஆண்டு இப்படியே கிடந்தால் அடுத்த பூட்டு லாயல்சாக்குக்குத்தான்.

இந்த வாரமே உங்கள் தொகுதியின் பிரதிநிதிக்கும் செனட்டருக்கும் தொலைபேசியில் பேசுங்கள். "என் உரிமக் கட்டணத்தை உயர்த்துங்கள்" என்று சொல்லுங்கள். இப்படி ஒரு வேண்டுகோளை அவர்கள் அடிக்கடி கேட்டிருக்க மாட்டார்கள், பெயரைக் குறித்துக்கொள்வார்கள். ஹாரிஸ்பர்கில் கமிஷனின் ஆணையர் குழு கூடும்போது பொதுமக்கள் பேச நேரம் உண்டு. முன்கூட்டியே பெயர் கொடுங்கள், சுருக்கமாகப் பேசுங்கள், பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். வண்டி இல்லாதவர்கள் உங்கள் கிளப் செயலாளரிடம் சொல்லுங்கள். வண்டி உள்ளவர்கள் பின்சீட்டைக் காலியாக வைத்திருங்கள்.