முதல் தடவை ஏன் தாமதம்?

யாழ்ப்பாணத் தீவகத்தில் மண்கும்பான் பிள்ளையாருக்கோ நயினாதீவு நாகபூசணி அம்மனுக்கோ ஒரு பாடல் செய்ய இன்று பெரிய வாத்தியக் குழு தேவையில்லை. வீட்டுக் கணினியில் ‘கொன்டாக்ட்’ போன்ற மென்பொருளைத் திறந்தால் வயலினும் புல்லாங்குழலும் கைக்கு வரும். ஆனால் காலையில் முதன்முதலாகத் திறக்கும்போது நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மூடிவிட்டு உடனே திறந்தால் சட்டென்று வந்துவிடும். கணினி பழுதாகிவிட்டதென்று பயந்து புதியது வாங்குவோரும் உண்டு.

பழுதே இல்லை.

ஒரு வாத்தியத்தின் ஒவ்வொரு சுரமும் மெதுவாக, அழுத்தி, இழுத்து எனப் பல விதமாகப் பதிவாகி, ஆயிரக்கணக்கான ஒலித்துண்டுகளைக் கொண்ட ஒலிநூலகமாக வன்தட்டில் கிடக்கிறது. சுழலும் வன்தட்டு ஒவ்வோர் இடத்தையும் தேடிப் பிடிக்க ஏறத்தாழ 10 மில்லி வினாடி எடுக்கும். 10,000 இடங்களென்றால் தேடலிலேயே 100 வினாடி போய்விடும். வாசித்ததன் பிரதியை இயங்குதளம் காலியாயிருக்கும் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. அதனால்தான் இரண்டாம் தடவை அந்த வேகம். மின்சாரம் போனால் அந்தப் பிரதியும் போய்விடும்.

1998இல் வந்த ‘கிகாசாம்ப்ளர்’ என்ற மென்பொருள் ஒவ்வொரு ஒலியின் தொடக்கத்தை மட்டும் நினைவகத்தில் ஏற்றி, மீதியை ஒலிக்கும்போதே வன்தட்டிலிருந்து எடுத்தது. பெரிய முன்னேற்றம்தான், ஆனால் அந்தத் தொடக்கங்களே இன்று ஜிகாபைட் கணக்கில் வருகின்றன.

ஆகவே நினைவகத்தைச் ‘சுத்தம்’ செய்வதாகச் சொல்லும் செயலிகளை நிறுவவே கூடாது. அவை அழிப்பது இயங்குதளம் நினைவகத்தில் வைத்திருக்கும் அந்தப் பிரதியைத்தான். தீவகத்து இளம் இசையமைப்பாளர் கையிலுள்ள பணத்தில் முதலில் வாங்க வேண்டியது ஒலிநூலகத்துக்கென்று, சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகமான ஓர் எஸ்எஸ்டி. புதுக் கணினி பிறகு வரட்டும்.