வென்றவர் சுமக்கும் செலவு

உரிமையியல் வழக்குகளின் தீர்ப்புகள் பல ‘செலவுத்தொகை இல்லை’ என்ற சொற்களோடு முடிகின்றன. ஆனால் தோற்றவர் வென்றவரின் செலவை ஈடுசெய்ய வேண்டும் என்பதே 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு வகுத்த பொதுவிதி என்பதும், அதிலிருந்து விலகும் நீதிபதி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்பதும் அச்சொற்களை எழுதும்போது பெரும்பாலும் நினைவுக்கு வருவதில்லை. சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வென்றவர் நியாயமாகச் செய்த உண்மைச் செலவே செலவுத்தொகை என்றும், நீதிமன்றக் கட்டணமும் வழக்கறிஞர் கட்டணமும் மட்டுமன்றி அவர் இழந்த நேரமும் பயணமும் தங்குமிடமும் அதில் அடங்கும் என்றும் கூறி, தேவையான விதிகளை வகுக்கும் பொறுப்பை உயர் நீதிமன்றங்களிடம் ஒப்படைத்தது.

பொய் என்று தெரிந்தே எழுப்பப்படும் கோரிக்கைக்கும் எதிர்வாதத்துக்கும் இழப்பீடாக விதிக்கப்படும் தொகையைப் பற்றிய 35அ பிரிவோ, 1976இல் நிர்ணயித்த 3,000 ரூபாய் உச்சவரம்பிலேயே இன்றும் நிற்கிறது. வழக்கை இழுத்தடிப்பவருக்கு அத்தொகை தண்டனையன்று, காலத்தை மலிவாக வாங்கும் விலை. வணிக நீதிமன்றங்கள் சட்டம் 2015இல் வணிகத் தகராறுகளுக்கு மட்டும் இவ்வரம்பை நீக்கி, தரப்பினரின் நடத்தையையும் கணக்கில் கொண்டு செலவுத்தொகை விதிக்க வழிசெய்தது. இதன் விளைவாக, 3 லட்சம் ரூபாய் மதிப்புள்ள சரக்கு ஒப்பந்தத் தகராறுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, அதைப்போல் பல மடங்கு மதிப்புள்ள நிலத்தின் பாகப்பிரிவினை வழக்குக்குக் கிடைப்பதில்லை. இந்தப் பாகுபாட்டுக்கு ஏற்கத்தக்க நியாயம் எதுவும் தென்படவில்லை.

எனினும், வணிகச் சட்டத்தின் ஏற்பாட்டை அப்படியே எல்லா வழக்குகளுக்கும் விரித்துவிட்டால், தோற்றால் எதிர்த்தரப்பின் பெரும் கட்டணத்தையும் சுமக்க நேருமோ என்ற அச்சத்தில் நேர்மையான கோரிக்கையுடைய எளியவர் வழக்கிடவே தயங்கக்கூடும். செலவுத்தொகை விதிகள் நீதியை அணுகுவதற்குத் தடையாகிவிடக் கூடாது என்று வினோத் சேத் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் எச்சரித்தது இக்காரணத்தாலேயே. தமிழ்நாட்டில் சொத்து மதிப்புக்கேற்ற நீதிமன்றக் கட்டணம் 2017இல் 7.5 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காடாகக் குறைந்தது. 10 லட்சம் ரூபாய் வழக்குக்கு 75,000 ரூபாயாக இருந்த நுழைவுச் செலவு 30,000 ரூபாயானது. பயனுள்ள சீர்திருத்தமே அது. ஆயினும் கட்டணம் ஒருமுறை செலுத்துவது, வாய்தாவின் செலவோ ஒவ்வொரு விசாரணை நாளிலும் சேர்ந்துகொண்டே போவது. ஆகவே வழக்கின் இறுதி முடிவை மட்டும் பார்த்து மொத்தச் சுமையை ஏற்றுவதைவிட, தாமதம் நிகழும் கட்டத்திலேயே, அதற்குக் காரணமானவரிடமே செலவை வசூலிப்பது எளியவரை அச்சுறுத்தாத வழி. விதித்த செலவுத்தொகையைக் கட்டாமல் தாமதித்தவர் வழக்கை மேற்கொண்டு நடத்த இயலாதபடி தடுக்கும் 35ஆ பிரிவும் அதற்கு ஏற்கெனவே இடமளிக்கிறது. குறைபாடு அப்பிரிவில் இல்லை, பெயரளவுத் தொகையோடு அதை முடித்துவிடும் பழக்கத்தில் இருக்கிறது.

உச்சவரம்பை மாற்றச் சட்டமன்றமோ நாடாளுமன்றமோ முன்வர வேண்டும். ஆனால் எவ்வெச் செலவுகளைக் கணக்கில் சேர்க்கலாம் என்று கூறும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 20அ-வை அதன் 122ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றமே திருத்த முடியும். அத்திருத்தம் வந்தாலும், பெற்ற கட்டணத்துக்கு உரிய ரசீது தராத, செலவுப் பட்டியலைத் தாக்கல் செய்வதில் அக்கறை காட்டாத வழக்கறிஞர்களின் வழக்கம் தொடரும்வரை, உண்மைச் செலவை மதிப்பிட நீதிபதியிடம் ஆவணம் எதுவும் இருக்காது.