புதிய பொம்மை ஈடாகுமா?

பஞ்சு பிதுங்கி, ஒரு கண்ணையும் இழந்து, நிறம் மங்கிப் போன கரடிப் பொம்மை ஒன்று. அதனை மார்போடு அணைத்தபடி உறங்கும் மூன்று வயதுக் குழந்தை. இன்று இக்காட்சியைக் காணாத இல்லங்கள் நம்மிடையே சிலவே. "இந்த அழுக்குப் பொம்மையை எறிந்துவிட்டுப் புதியதொன்றை வாங்கிக் கொடுத்தால் என்ன?" என்று பெற்றோர் எண்ணுவதும் இயல்பே. ஆனால், புதியது வந்த பின்னரும் குழந்தை பழையதையே கேட்டு அழுகின்றது. அதனைப் பிடிவாதம் என்று சினந்து கொள்கின்றோம். அது பிடிவாதந்தானா? சிறிது ஆராய்வோம்.

இலண்டன் மாநகரில் பாடிங்டன் கிறீன் குழந்தைகள் வைத்தியசாலையில் நாற்பது ஆண்டுக் காலம் பணியாற்றியவர் டொனால்ட் வின்னிகொட் என்னும் வைத்தியர். இப்பொருள் பற்றி அவர் 1951 ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுரை நிகழ்த்தினார். அவர் கருத்தின் சாரம் இது: பிறந்த குழவிக்குத் தாய் வேறு, தான் வேறு என்ற எண்ணமில்லை. மாதங்கள் சில செல்லவே, தாய் தன்னினின்றும் வேறானவள், சிலபொழுது அகன்றும் செல்வாள் என்பதை அஃது உணரத் தலைப்படுகின்றது. அவ்வுணர்வு அச்சந் தருவது. அவ்வேளையிலேதான் குழந்தை ஒரு துணித் துண்டையோ பஞ்சுப் பொம்மையையோ பற்றிக்கொள்கின்றது. அது தாயுமன்று, வெறும் பொருளுமன்று. தாயின் மடியிலிருந்து வெளியுலகுக்குச் செல்லக் குழந்தை தானே அமைத்துக்கொண்ட பாலம் அது.

பொம்மை கடையிலிருந்து வந்ததாயினும், இந்தப் பழக்கம் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. தாயின் பழஞ்சேலையில் கட்டிய ஏணையில் உறங்கிப் பழகிய குழந்தை, வளர்ந்த பின்பும் அச்சேலையின் ஒரு முனையைப் பிடித்தவாறே கண்ணயர்வதை நம் அம்மம்மாமார் கண்டிருக்கின்றனர். தாயோடு ஒரே பாயில் உறங்கும் குழந்தைகளைவிடத் தனிக்கட்டிலில் உறங்கும் குழந்தைகளிடமே இத்தகைய பற்று மிகுதியெனப் பிறநாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. எனவே, "எங்கள் காலத்தில் இப்படிப் பொம்மையைக் கட்டிக்கொண்டு திரியவில்லையே" என முதியோர் கூறுவதிலும் நியாயமுண்டு.

இப்பற்றினால் குழந்தை கோழையாகிவிடுமோ என்று அஞ்சுவோரும் உளர். 1975 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான பாஸ்மன், வைஸ்பேர்க் என்போரின் ஆய்வு இவ்வச்சத்துக்கு விடை தருகின்றது. புதியதோர் அறையிலே சிறு குழந்தைகள் விடப்பட்டனர். தமக்குப் பிரியமான போர்வையைக் கையில் வைத்திருந்த குழந்தைகள், தாய் அருகில் இருந்தாற்போலவே அழாது விளையாடினர். அறையைச் சுற்றிப் பார்த்தனர். போர்வையிற் பற்றில்லாத குழந்தைகளுக்கோ அதனாற் பயன் விளையவில்லை. ஆகவே, பற்றிக்கொள்ளும் அப்பொருள் குழந்தையைக் கட்டிப் போடுவதில்லை. அடியெடுத்து வைக்கத் துணிவே தருகின்றது.

அங்ஙனமாயின், அதே போன்ற புதிய பொம்மை ஏன் ஈடாகவில்லை? புறூஸ் ஹூட், போல் புளூம் என்னும் உளவியலறிஞர் இருவர் 2008 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இங்கு கருதத்தக்கது. எப்பொருளையும் அச்சொட்டாகப் படியெடுக்கும் எந்திரம் என்று கூறி, இரு பெட்டிகளை அவர்கள் குழந்தைகளுக்குக் காட்டினர். சாதாரண விளையாட்டுப் பொருளாயின், எந்திரம் ஆக்கிய புதிய படியையே பெரும்பாலும் குழந்தைகள் விரும்பினர். தாம் அணைத்து உறங்கும் பொம்மையாயின் நிலைமை வேறு. சிலர் அதனைப் பெட்டிக்குள் வைக்கவே மறுத்தனர். வைத்தவருள்ளும் பெரும்பாலார் தம் பழைய பொம்மையையே திருப்பிக் கேட்டனர். உருவம் ஒன்றாயினும் "என்னுடையது" ஒன்றே என்பது அப்பிஞ்சு உள்ளங்களின் தீர்ப்பு.

பெரியோராகிய நாம் மட்டும் வேறு விதமாகவா நடக்கின்றோம்? தந்தையார் எழுதிய ஊற்றுப் பேனைக்குப் பதிலாகக் கடைப் பேனை ஒன்றைத் தந்தால் ஏற்போமா? அப்பம்மாவின் பாக்குவெட்டி துருப்பிடித்தாலும் பெட்டகத்தில் வைத்துப் பேணுகின்றோமல்லவா? ஆங்கில எழுத்தாளர் ஏ. ஏ. மில்ன் தம் மகன் கிறிஸ்தோபர் றொபினின் கரடிப் பொம்மையை வைத்தே 1926 இல் 'வின்னி த பூ' என்னும் கதைநூலை வெளியிட்டார். அக்கரடியின் உருவிலே புதிய பொம்மைகள் உலகெங்கும் விற்பனையாகின்றன. ஆயினும், அச்சிறுவன் அணைத்துத் தேய்ந்த பழைய கரடியை 1987 முதல் நியூயோர்க் பொது நூலகமே வைத்துப் பேணி வருகின்றது. ஒரு பெரிய நூலகத்துக்கு விளங்கிய இவ்வுண்மை, நம் வீட்டுக் குழந்தைக்கும் விளங்கியிருப்பதில் வியப்பென்ன?

இனிப் பெற்றோர் செய்யத்தக்கவை யாவை? குழந்தை அறியாமல் அப்பொருளை எறிதலும் ஒளித்தலும் கூடா. அவ்வாறு செய்யின் குழந்தை இழப்பது பொம்மையை மட்டுமன்று. பெற்றோர்மீது வைத்த நம்பிக்கையையுமாகும். கழுவுவதாயினும் சொல்லிவிட்டே கழுவுங்கள். அதன் மணம் மாறுவதும் குழந்தைக்கு ஓர் இழப்பென்பதை வின்னிகொட் எடுத்துரைத்துள்ளார். கிழிந்தால் குழந்தையின் கண்முன்னே தைத்துக் கொடுங்கள். "வளர்ந்த பிள்ளைக்குப் பொம்மையா?" என்று உறவினர் முன்னிலையில் நகையாடாதீர்கள். இன்னுமொன்று: ஒரு வயது நிரம்பாத குழவி உறங்கும் இடத்தில் பஞ்சுப் பொம்மை எதனையும் வைக்கலாகாது, மூச்சுத் திணறல் நேரக்கூடும்.

இடம்பெயர்தல் நம் மக்களுக்குப் புதிதன்று. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமத்தை விட்டு வெளியேறியோர், கையில் அகப்பட்டதையே எடுத்துச் சென்றனர். இன்றும் தொழிலுக்காகவும் கல்விக்காகவும் குடும்பங்கள் ஊர்விட்டு ஊரும், நாடுவிட்டு நாடும் செல்கின்றன. வீடு, முற்றம், அயலார் யாவரும் மாறிப்போகும் அந்நாளில், மாறாத ஒன்று குழந்தையின் கையில் இருத்தல் வேண்டும். பொதி கட்டும்போது முதலில் எடுத்து வைக்க வேண்டியவற்றுள் அப்பழைய பொம்மையும் ஒன்று.

அஃது என்றென்றும் தொடருமோ எனக் கவலை வேண்டாம். விளையாட்டும் நட்பும் கல்வியும் குழந்தையின் உலகை விரிக்க, பொம்மை மெல்லமெல்ல ஒரு மூலைக்குச் சென்றுவிடும். அந்நாளைக் குறிக்கும் உரிமை குழந்தைக்கே உரியது; அதுவரை அதனைப் பேணிக் கொடுப்பது நம் கடமை.