பெயர் பல, நஞ்சு ஒன்று

ஐப்பசி மழை விட்டதும், செங்கற்பட்டைச் சூழ்ந்த காட்டுப் புதர்களிலும் மாமல்லபுரம் கடலோரத்து மணற்பாங்கான வேலிகளிலும் தீச்சுடர்போல் மலர்ந்து நிற்கும் ஒரு கொடியை வாசக நேயர்கள் கண்டிருப்பீர்கள். இத்திங்கள் அக்கொடியைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

அதற்குப் பெயர்கள் பல. சங்கப் புலவர்க்கு அது காந்தள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் மலர்களுள் முதலில் நிற்பது செங்காந்தளே. கார்த்திகையில் பூப்பதால் கார்த்திகைப்பூ. கிழங்கு கலப்பைபோல் கவைத்திருப்பதால் கலப்பைக்கிழங்கு. மலரை உற்று நோக்கினால் கண் வலிக்கும் என்ற நம்பிக்கையால் கண்வலிக்கிழங்கு. 1753-இல் லின்னேயஸ் இதனைக் குளோரியோசா சுபெர்பா என்றார். மகிமை என்னும் பொருள்கொண்ட அந்த இலத்தீன் சொல் நமக்குப் புதிதன்று. தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே.

இத்தனை பெயர்களில் ஒன்றேனும் 'நஞ்சு' என்று நம்மை எச்சரிக்கவில்லை. மாறாக, இரண்டு பெயர்கள் 'கிழங்கு' என்றே முடிகின்றன. கிழங்கு என்றால் உணவு என எண்ணுவது நம் இயல்பன்றோ! இக்கொடி முழுவதிலும் கொல்சிசின் என்னும் நஞ்சு உண்டு. கிழங்கிலும் விதையிலும் அது மிகுதி. வள்ளிக்கிழங்கு வகை என மயங்கி இதனை உண்டு இறந்தோர் இலங்கையிலும் இந்தியாவிலும் உண்டு. அவிப்பதால் நஞ்சு நீங்குவதில்லை.

ஆகவே அடையாளம் அறிவோம். இக்கொடியின் இலைநுனியே நீண்டு சுருண்டு, அருகிலுள்ளதைப் பற்றி ஏறும். வள்ளிக்கொடிக்கு அச்சுருள் இல்லை. அதன் தண்டே சுற்றிப் படரும். காந்தளின் ஆறு இதழ்களும் அலைபோல் நெளிந்து மேல்நோக்கி வளையும். அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாய் இருந்து, நாளாக முழுதும் சிவக்கும். கோடையில் கொடி காய்ந்துவிடும். கிழங்கு மட்டும் மண்ணுள் உறங்கும். எச்சரிக்க இலையில்லாத அக்காலமே ஆபத்தானது. எனவே கொடியைக் காணாமல் தோண்டிய கிழங்கை உண்ணலாகாது.

உண்ட சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். சாதாரண அசீரணம் என்று வீட்டில் தங்கிவிடுவது பெருந்தவறு. அடுத்த நாள்களில் சிறுநீரகமும் இரத்த அணுக்களும் கெடும். பிழைத்தவர்க்கும் தலைமுடி உதிர்வதுண்டு. உடனே மருத்துவமனை செல்லுங்கள். எஞ்சிய கிழங்கையோ கொடியின் ஒரு துண்டையோ உடன் எடுத்துச் செல்லுங்கள். ஊருக்கு ஊர் பெயர் மாறும், செடி மாறாது. பெயர் கேட்டு மயங்கும் மருத்துவருக்கும் அது உண்மையைச் சொல்லும்.

அதற்காகக் கண்ட இடமெல்லாம் இதனை வேரறுக்க வேண்டுவதில்லை. இதே கொல்சிசின், அளவறிந்து தரப்படும்போது கௌட் என்னும் மூட்டு நோய்க்கு மருந்தாகிறது. அதன் விதைக்காகவே ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பகுதி உழவர்கள் இதனைப் பயிரிடுகின்றனர்.

நம் பிள்ளைகளை ஒருநாள் அவ்வேலியருகே அழைத்துச் செல்வோம். மலரைக் காட்டுவோம்; எல்லாப் பெயர்களையும் சொல்வோம். அவற்றோடு, முன்னோர் பெயரில் வைக்க மறந்த 'நஞ்சு' என்ற சொல்லையும் சேர்த்தே சொல்வோம்.