ஷேக்ஸ்பியருக்கு ஒரு படி, சுவாமிகளுக்கு ஒரு படியா?

சங்கரதாஸ் சுவாமிகளை 'நாடகத் தந்தை' என்று மேடைதோறும் வணங்குகிறோம். மேடையை விட்டு இறங்கியதும் வேறு பேச்சு வருகிறது: "புராணக் கதைகளுக்குப் பாட்டுக் கட்டிக் கொடுத்த கம்பெனி வாத்தியார் அவர். ஷேக்ஸ்பியர் மாதிரி ஒரு நாடகாசிரியர் தமிழில் எங்கே?" படித்தவர்களிடையே இது கிட்டத்தட்ட முடிந்துபோன தீர்ப்பு. அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் நான்கு. நான்கையும் ஷேக்ஸ்பியரின் வாழ்க்கையோடு வைத்துப் பார்த்தால், அளக்கிற படியே கோணல் என்பது தெரியும்.

முதல் காரணம்: சொந்தமாகக் கதை கட்டவில்லை. வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி எல்லாம் ஊரறிந்த கதைகள்தாம். ஷேக்ஸ்பியர் மட்டும் என்ன செய்தார்? ஆங்கில அரசர்களின் கதைகளை ஹாலின்ஷெட்டின் வரலாற்று நூலிலிருந்தும், ரோமானியர் கதைகளைப் புளூட்டார்க்கிடமிருந்தும் எடுத்தார். ஹாம்லெட் கதையும் அவருக்கு முந்தியது. வள்ளி முருகனைத்தான் மணக்கப் போகிறாள் என்பது முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பொடியனுக்கும் தெரியும். தெரிந்தும் கூட்டம் கலையாமல் இருப்பது நாரதரும் வள்ளியும் மோதும் தர்க்கத்துக்காக. முடிவு தெரிந்த கதையில் ஆவலை உண்டாக்குவது கதை கட்டுவதைவிடக் கடினமான வேலை.

இரண்டாவது: அது நாடகமே இல்லை, பாட்டுக் கச்சேரி. இதற்குப் பதில் புதுக்கோட்டையில் இருக்கிறது. தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்து, உப்புக் கம்பெனியில் கணக்கெழுதிய இளைஞர், பின்னாளில் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையிடம் வந்து சேர்ந்தார். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த லய மேதை மான்பூண்டியா பிள்ளை. அவர் சுவாமிகளைத் தம் மகனாகவே ஏற்றுக்கொண்டார் என்று நாடக உலகம் சொல்கிறது. நாடகத்துக்கு அந்த லயம் எதற்கு? ஒலிபெருக்கி இல்லாத காலம்; திறந்த வெளியில் கடைசி ஆள் வரைக்கும் சொல் போய்ச் சேர வேண்டும். தாளத்தில் ஏறிய சொல்தான் அவ்வளவு தூரம் போகும், நடிகனின் நினைவிலும் நிற்கும். பாத்திரம் கோபப்படுவதும் கெஞ்சுவதும் வாதாடுவதும் அந்தப் பாட்டுக்குள்ளேயேதான் நடக்கின்றன. ஷேக்ஸ்பியரும் பெரும்பகுதியைச் செய்யுளில்தான் எழுதினார். அதனால் அவரைக் கவியரங்கக்காரர் என்று யாரும் ஒதுக்கவில்லை.

மூன்றாவது: அவர் வெறும் வாத்தியார். வாத்தியார்தான், ஆனால் 'வெறும்' எங்கிருந்து வந்தது? ஷேக்ஸ்பியரும் அறைக்குள் தனியே உட்கார்ந்து எழுதியவர் அல்லர். அவர் நடிகர், நாடகக் குழுவின் பங்குதாரர், 1599இல் எழுந்த குளோப் அரங்கிலும் பங்கு வைத்திருந்தவர். எந்த நடிகர் எந்த வேடம் கட்டுவார் என்று தெரிந்து எழுதினார். சுவாமிகளும் இரணியன், இராவணன், எமன் வேடங்கள் கட்டி ஆடியவர். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கி, டி.கே.எஸ். சகோதரர்கள் உள்ளிட்ட சிறுவர்களுக்கு எழுத்தையும் நடிப்பையும் ஒழுங்கையும் சேர்த்தே கற்பித்தார். புதுக்கோட்டையில் பிறந்த பி.யு. சின்னப்பா போன்றவர்களைத் திரைக்குத் தந்தது அத்தகைய பாய்ஸ் கம்பெனிகளின் பயிற்சிதான்.

நான்காவதுதான் கொஞ்சம் கனமானது: நிலையான பிரதி இல்லை, நடிகர்கள் வாய்க்கு வந்ததைப் பேசுகிறார்கள். இதில் பாதி உண்மை. பபூன் காமெடி எல்லை மீறுவதைத் திருவிழா நாடகம் பார்த்த எவரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் கோமாளிகள் எழுதிக் கொடுத்ததற்கு மேல் பேசக் கூடாது என்று ஹாம்லெட் நாடகத்திலேயே இளவரசன் நடிகர்களிடம் கண்டித்துச் சொல்கிறான். லண்டனிலும் அதே தொல்லை இருந்திருக்கிறது. அச்சைப் பற்றிப் பேசினால், ஷேக்ஸ்பியர் இறந்து ஏழாண்டுகள் கழித்து, 1623இல், உடன் நடித்த இருவர் 36 நாடகங்களைத் தொகுத்து வெளியிட்டார்கள். அவற்றில் பாதி அதற்குமுன் அச்சேறாதவை. அந்த இருவர் சோம்பியிருந்தால் மேக்பெத்தே நமக்குக் கிடைத்திருக்காது.

பிரதி இல்லை என்பவர்கள் புதுக்கோட்டை மாவட்டத்துக் கோயில் திருவிழாவில் ஒரு வள்ளி திருமணத்தை விடியும்வரை பார்க்கட்டும். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து, ஆர்மோனியக்காரர் இன்னோர் ஊரிலிருந்து. ஒத்திகை கிடையாது. அன்றிரவு மேடையில்தான் எல்லோரும் ஒன்றுகூடுவார்கள். ஆனாலும் பாட்டுக்குப் பாட்டு, கேள்விக்குப் பதில் பிசகாமல் விழும். எல்லோருக்கும் பொதுவாக ஒரு பாடம் மனத்தில் இல்லாமல் இது எப்படி நடக்கும்? 1922இல் புதுச்சேரியில் மறைந்த சுவாமிகளின் நாடக அமைப்புதான் அவர்களை இன்றும் ஒரே மேடையில் சேர்த்து நிறுத்துகிறது.

சுவாமிகளுக்குத் 'தமிழ் ஷேக்ஸ்பியர்' பட்டம் தர வேண்டும் என்பதல்ல என் வாதம். இந்த நான்கு காரணங்களும் ஒருவரை நாடகாசிரியர் இல்லை என்று ஆக்குமானால், பட்டியலிலிருந்து முதலில் அடிக்க வேண்டியது லண்டன்காரரின் பெயரை. அவரை அடிக்க மனம் வராதவர்கள், சுவாமிகளின் நாடகங்களை ராக தாளக் குறிப்போடு வரிவரியாகப் படித்துவிட்டுக் குறை சொல்லட்டும். அந்தக் குறைக்கு மதிப்பு உண்டு.